பகட்டுக் காட்சிகளின் ஆயுள்: அதிரடிப் படங்கள் ஏன் விரைவில் முதுமை அடைகின்றன?

திரைப்பட வகைகளுள், தான் பிறந்த ஆண்டின் நாகரிகத்தை மிகுந்த ஆர்வத்தோடு ஏற்றுக்கொள்வது அதிரடிப் பரபரப்புப் படமே. ஒரு காலத்தில் அரங்கை அதிரவைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பார்ப்பவரை நெளியவைக்கும் நிலைக்கு மிகுதியாக ஆளாவதும் அதுவே. அதிரடிப் பரபரப்புப் படம் என்று இங்கே குறிக்கப்படுவது, துரத்தல், கடத்தல், கொள்ளை, பழிவாங்கல் போன்ற உடல்சார்ந்த செயல்களையும், அடுத்து என்ன நேருமோ என்ற அச்சம் கலந்த எதிர்பார்ப்பையும் ஒருசேரக் கொண்டு நகரும் படமாகும். காட்சிப் பாணி என்பது ஒளி, வண்ணம், கேமராவின் அசைவு, படத்தொகுப்பின் வேகம், திரையில் தோன்றும் எழுத்து ஆகியவை சேர்ந்து ஒரு படத்துக்குத் தரும் முகமாகும். இம்முகம் பகட்டாக இருப்பதில் இயல்பாகவே தவறு ஏதும் இல்லை. ஆனால் அச்சத்துக்கு ஆதாரமான ஒன்றை, அதாவது யார் எங்கே நிற்கிறார், ஆபத்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற அறிவைப் பார்வையாளரிடமிருந்து பறித்துக்கொண்டு, அந்த இடத்தைப் புதுமையால் நிரப்பும்போது, படம் தன் முதுமைக்குத் தானே வித்திட்டுவிடுகிறது என்பதே இவ்வுரையின் கருத்து.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். படத்தில் வரும் பொருள்கள் பழையவையாவதும், படத்தின் பாணி பழையதாவதும் வெவ்வேறு செய்திகள். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலா 1974இல் இயக்கிய ‘தி கான்வர்சேஷன்’ படத்தில், ஜீன் ஹாக்மன் நடித்த ஹாரி கால் என்ற ஒட்டுக்கேட்பு வல்லுநர், சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் நடந்தபடி பேசும் இருவரின் உரையாடலை வெவ்வேறு ஒலிவாங்கிகளில் பதிவுசெய்து, அந்த நாடாக்களைச் சுழலவிட்டு, இரைச்சலை வடிகட்டி, மறைந்துகிடந்த ஒரு வாக்கியத்தை மெல்ல மெல்ல மீட்டெடுக்கிறார். அந்த நாடாப் பெட்டிகள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள். ஆயினும் ஒவ்வொரு திருகலுக்கும் என்ன தெளிவாகிறது என்பதைப் பார்வையாளரும் கூடவே கேட்டு உணர்வதால், அந்தக் காட்சி இன்றும் மூச்சை இறுக்குகிறது. 24 ஆண்டுகளுக்குப் பின், அதே ஹாக்மன் அதே போன்ற ஒரு பாத்திரத்தில் நடித்து, அவருடைய பழைய படத்தின் புகைப்படமே பாத்திரத்தின் கோப்பில் காட்டப்பட்ட ‘எனிமி ஆஃப் தி ஸ்டேட்’ (1998) வெளிவந்தது. அதில் செயற்கைக்கோள்கள் வானிலிருந்து உற்றுநோக்குகின்றன. படிமங்கள் மின்னி மின்னிப் பாய்கின்றன. கருவிகளால் புதியது பிந்திய படம். ஆனால் இன்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, ஓர் ஆண்டின் முத்திரை ஆழமாகக் குத்தப்பட்டதாகத் தெரிவதும் அதுவே.

இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்க 1968ஆம் ஆண்டு ஒரு நல்ல வாய்ப்பைத் தருகிறது. ஸ்டீவ் மக்குயின் கதாநாயகனாக நடித்த இரண்டு படங்கள் அந்த ஓராண்டிலேயே வெளிவந்தன. நார்மன் ஜூவிசன் இயக்கிய ‘தி தாமஸ் கிரவுன் அஃபேர்’ படத்தில், திரையைப் பல கட்டங்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் பல காட்சிகளைக் காட்டும் பிளவுத்திரை உத்தி பரவலாகக் கையாளப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்த எக்ஸ்போ 67 கண்காட்சியில், கிறிஸ்டோபர் சாப்மன் உருவாக்கிய ஒரு குறும்படத்தில் இவ்வுத்தி பெரும் வியப்பை ஏற்படுத்தியிருந்தது. அந்த வியப்பைத் திரையரங்குக்குக் கொண்டுவரும் ஆவலே ஜூவிசனின் படத்தில் தெரிகிறது. வங்கிக் கொள்ளைக் காட்சியில் இதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது: கொள்ளையர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள், தனித்தனியே வந்து சேர்பவர்கள், ஆகவே தனித்தனிக் கட்டங்கள் அவர்களுக்குப் பொருந்துகின்றன. ஆனால் பின்னர் வரும் போலோ ஆட்டத்தில் திரை சிறு சிறு கட்டங்களாகச் சிதறும்போது, அறிந்துகொள்ள வேண்டியது எதுவும் அவற்றில் இல்லை. கொள்ளைக் காட்சியை இன்றும் ஈடுபாட்டோடு பார்க்க முடிகிறது; போலோ ஆட்டம் 1968இன் அலங்காரமாகவே எஞ்சிவிட்டது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த ‘புல்லிட்’ படத்தை இயக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் யேட்ஸ். சான் பிரான்சிஸ்கோவின் மேடு பள்ளமான தெருக்களில் ஒரு ஃபோர்டு மஸ்டாங்கும் ஒரு டாட்ஜ் சார்ஜரும் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் ஒன்றையொன்று துரத்தும் அதன் காட்சியை, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் படத்தொகுப்பு கற்பிப்போர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அக்காட்சியின் தொடக்கத்தில் சார்ஜரில் வரும் கொலையாளிகளே கதாநாயகனின் மஸ்டாங்கை மெல்லப் பின்தொடர்கிறார்கள். பின்பு அவர்களுடைய காரின் பின்னோக்குக் கண்ணாடியில் மஸ்டாங் தோன்ற, வேட்டைக்காரன் யார், இரை யார் என்பது ஒரே நொடியில் தலைகீழாகிறது. கொலையாளிகளின் ஓட்டுநர் எதுவும் பேசாமல் இருக்கைப் பட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அதுவரை ஒலித்துக்கொண்டிருந்த லாலோ ஷிஃப்ரினின் இசை, கார்கள் சீறிப்பாயும் தருணத்தில் நின்றுவிடுகிறது. அதன் பிறகு இஞ்சின் ஓசையும் டயர்களின் கிறீச்சிடலும் மட்டுமே. இந்தக் காட்சி குற்றமற்றது என்று சொல்ல முடியாது. ஒரே பச்சை நிற வோக்ஸ்வாகன் கார் மீண்டும் மீண்டும் முந்தப்படுகிறது. அந்தத் துரத்தல் செல்லும் வழியும் நகரின் வரைபடத்தோடு பொருந்துவதில்லை. இருந்தும் அது தேயாததற்குக் காரணம், இரண்டு கார்களுக்கும் இடையே உள்ள தொலைவு கூடுகிறதா, குறைகிறதா என்பது ஒவ்வொரு ஷாட்டிலும் தெளிவாக இருப்பதே. பார்வையாளருக்கு வேண்டியது நகரின் புவியியல் அன்று, ஆபத்தின் புவியியல்.

இங்கே ஷாட் என்ற கலைச்சொல், ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை இடையறாது தெரியும் படத்துண்டைக் குறிக்கும். ஒரு படத்தின் மொத்த நேரத்தை அதன் ஷாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது சராசரி ஷாட் நீளம். அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல், 2002இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், 1930 முதல் 1960 வரையிலான ஹாலிவுட் படங்களில் இந்தச் சராசரி பெரும்பாலும் 8 முதல் 11 விநாடி வரை இருந்ததையும், நூற்றாண்டின் இறுதியில் அது 3 முதல் 6 விநாடி அளவுக்குச் சுருங்கியதையும் எடுத்துக்காட்டினார். கணினியில் படத்தொகுப்பு செய்யும் வசதி பரவியதும், விளம்பரப் படங்களிலும் இசைக் காணொளிகளிலும் பயின்ற இயக்குநர்கள் ஹாலிவுட்டுக்கு வந்ததும், 2000ஆம் ஆண்டுவாக்கில் டிஜிட்டல் முறையில் படம் முழுவதற்கும் வண்ணம் சீரமைக்கும் வழி திறந்ததும் இப்போக்கை வளர்த்தன. முப்பது விநாடி விளம்பரத்துக்கு அடுத்த நிமிடத்தைப் பற்றிய கவலை இல்லை. இரண்டு மணி நேரப் படத்துக்கோ, முன்பு காட்டியதைப் பார்வையாளர் நினைவில் வைத்திருப்பதே மூலதனம். விளம்பரத்தின் இலக்கணத்தைப் படத்தின் முழு நீளத்துக்கும் நீட்டும்போது அந்த மூலதனம் கரைந்துபோகிறது.

இந்தச் சிக்கலை மிகத் தெளிவாகக் காட்டுபவர் டோனி ஸ்காட் (1944–2012). இங்கிலாந்தின் நார்த் ஷீல்ட்ஸில் பிறந்து, லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பயின்று, ஓவியராக வேண்டும் என்று விரும்பி, அண்ணன் ரிட்லி ஸ்காட்டின் விளம்பர நிறுவனத்தில் பல ஆண்டுகள் விளம்பரப் படங்கள் எடுத்து, ‘டாப் கன்’ (1986) மூலம் உலகப் புகழ் பெற்றவர் அவர். அவரைத் திறமையற்றவர் என்று ஒதுக்குவது அறியாமை. வண்ணத்தின் மீதும் வேகத்தின் மீதும் அவருக்கு இருந்தது உண்மையான காதல். நடிகர்களிடமிருந்து உயிரான நடிப்பைப் பெறவும் அறிந்திருந்தார். ஆகவேதான் அவருடைய ‘மேன் ஆன் ஃபயர்’ (2004) படத்துக்கு நேர்ந்தது கவலையோடு ஆராயத்தக்கதாகிறது.

ஏ. ஜே. குவின்னல் 1980இல் எழுதிய நாவலிலிருந்து உருவான அப்படம், இத்தாலியில் நடக்கும் கதையை மெக்சிகோ நகருக்கு மாற்றியது. குடியில் மூழ்கி வாழ்க்கையில் பற்றிழந்த ஜான் கிரீசி, பீட்டா என்ற சிறுமிக்கு மெய்க்காவலராகிறார். அவள் கடத்தப்பட்டதும் பழிவாங்கப் புறப்படுகிறார். டென்சல் வாஷிங்டனும் டகோட்டா ஃபான்னிங்கும் நடித்த முதற்பகுதியில், நீச்சல் போட்டியில் தொடக்கத் துப்பாக்கியின் ஒலிக்குத் தயங்கும் சிறுமியை, அந்த ஒலியே தன்னை விடுவிப்பது என்று உணரும்வரை கிரீசி பழக்குகிறார். இக்காட்சிகளில் கேமரா இருவர் முகத்தையும் பார்க்க நேரம் எடுத்துக்கொள்கிறது. நட்பு எப்படி முளைக்கிறது என்பது தெரிகிறது. 20 ஆண்டுகள் கழிந்தும் இப்பகுதியில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

கடத்தல் காட்சியிலோ நிலைமை வேறு. பியானோ வகுப்பு நடக்கும் வீட்டின் வெளியே காத்திருக்கும் கிரீசி, தெருவில் வண்டிகள் சூழ்வதை உணர்கிறார்; அவற்றில் காவல்துறையினரும் இருக்கிறார்கள். எத்தனை பேர், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள், சிறுமிக்கும் கிரீசிக்கும் இடையே எத்தனை அடி தொலைவு என்பவற்றை அறிந்தால் மட்டுமே இக்காட்சியில் நெஞ்சு பதறும். ஆனால் அந்த நேரத்தில் திரை வெண்மையாக மின்னுகிறது. உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டிக்கின்றன. வேகம் கூடியும் குறைந்தும் தடுமாறுகிறது. இதற்காக ஸ்காட், மௌனப் படக் காலத்தைப் போலக் கையால் சுழற்றி இயக்கும் கேமராக்களைப் பயன்படுத்தினார். சுழற்சியின் வேகம் சீராக இராததால் ஒளியும் அசைவும் துடிக்கின்றன. ஒரே ஃபிலிமில் இருமுறை பதிவுசெய்யும் உத்தியும் கையாளப்பட்டது. ரிவர்சல் ஃபிலிம் எனப்படும், நேரடியாகவே உருவம் தரும் ஃபிலிமை, நெகட்டிவ் ஃபிலிமுக்குரிய ரசாயனத்தில் கழுவும் குறுக்குக் கழுவல் முறையால் நிழல்கள் கருமையாக இறுகி, வண்ணங்கள் பச்சையும் மஞ்சளுமாகப் பிறழ்ந்தன. சப்டைட்டில்களும் திரையின் அடியில் அடங்கி நிற்காமல் நடுவே பாய்ந்து, பெரிதாகி, அசைந்து மறைகின்றன. சில இடங்களில் ஆங்கிலத்தில் தெளிவாகவே பேசப்படும் சொற்களும் எழுத்தாகத் தோன்றுகின்றன. வாஷிங்டனின் குரல் ஒரு மிரட்டலை மெதுவாகச் சொல்லும்போது அதற்கு இருக்கும் கனத்தை, கூடவே துள்ளும் எழுத்து பாதியாகக் குறைத்துவிடுகிறது. நடிகர்மீது இயக்குநர் வைக்க வேண்டிய நம்பிக்கை அங்கே தளர்ந்துபோனது வருத்தத்துக்குரியது.

இப்பாணிக்கு ஆதரவாகப் பொதுவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு: சிதறிய படிமங்கள் கிரீசியின் சிதறிய மனத்தைக் காட்டுகின்றன என்பது. வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் மனத்தின் நிலைக்கு ஏற்பப் பாணி மாற வேண்டும் என்பதும் அந்த வாதத்திலேயே அடங்கியிருக்கிறது. கிரீசி இல்லாத காட்சிகளிலும் அதே மின்னலும் நடுக்கமும் தொடரும்போது, அது ஒருவர் மனத்தின் வெளிப்பாடாக இல்லாமல், படத்தின் மேற்பூச்சாகி விடுகிறது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘டாமினோ’வில் (2005) இந்தப் பூச்சு படம் முழுவதையும் மூடிவிட்டது. தலைமறைவானவர்களைப் பிடித்துக் கொடுத்து வெகுமதி பெற்ற டாமினோ ஹார்வி என்ற பெண்ணின் வாழ்வைத் தழுவிய அப்படத்தில், அமைதியும் அவசரமும் ஒரே வேகத்தில் வெட்டப்படுகின்றன. உரையாடல்கள் எதிரொலித்துத் திரும்பவும் கேட்கின்றன. எல்லாமே உரக்க ஒலிப்பதால் எதுவும் கேட்பதில்லை.

பகட்டான பாணி மூப்படைவதற்கு மற்றொரு காரணம், அது எளிதில் நகலெடுக்கத்தக்கது என்பதாகும். ஒரு காட்சியின் அமைப்பை, அதாவது யார் எப்போது எதை அறிகிறார் என்ற திட்டத்தை, நகலெடுப்பது கடினம். வண்ணத்தையும் மின்னலையும் நகலெடுப்பது எளிது. குறுக்குக் கழுவலுக்கு ஸ்காட்டின் குழுவினர் ரசாயனக் கூடத்தில் துணிச்சலான சோதனைகள் செய்ய வேண்டியிருந்தது. ‘டாமினோ’ வெளிவந்த ஐந்தே ஆண்டுகளில், 2010 அக்டோபரில், இன்ஸ்டாகிராம் செயலி அறிமுகமானபோது, அதே தோற்றத்தைத் தரும் ‘எக்ஸ்-ப்ரோ 2’ என்ற வடிகட்டி ஒரு தொடுகையில் எவருக்கும் கிடைத்தது. தேநீர்க் கோப்பையும் பிறந்தநாள் கேக்கும் அந்த வண்ணத்தில் பதிவான பிறகு, பழிவாங்கும் ஒருவரின் நரகம் அந்த வண்ணத்தில் அச்சமூட்டுவது எங்ஙனம்? ‘தி மேட்ரிக்ஸ்’ (1999) படத்துக்காக ஜான் கேட்டாவின் குழு, நூற்றுக்கு மேற்பட்ட நிழற்படக் கேமராக்களை வரிசையாக அமைத்து, உறைந்த கணத்தைச் சுற்றி வருவதுபோல் உருவாக்கிய காட்சியும் விரைவிலேயே நகலுக்கும் கேலிக்கும் உள்ளானது. எனினும் அந்த உலகமே கணினி நிரலால் ஆனது, அதன் விதிகளை வளைக்கலாம் என்ற கதையின் மையக் கருத்து அக்காட்சியில் கண்ணுக்குத் தெரிவதால், மூலப்படம் பிழைத்துக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில், ‘ஸ்வார்ட்ஃபிஷ்’ (2001) படத்தின் தொடக்கத்தில் பிணைக்கைதி ஒருவர் வெடிகுண்டோடு சிதறும்போது, கேமரா அந்த வெடிப்பை அதே முறையில் நிதானமாகச் சுற்றிவருகிறது. அங்கே இறந்த மனிதரை எவரும் நினைப்பதில்லை. பறக்கும் உலோகக் குண்டுகளும் கண்ணாடிச் சில்லுகளுமே நினைவில் நிற்கின்றன. தொழில்நுட்ப வியப்பு போனதும் அக்காட்சியில் எஞ்சுவது மிகக் குறைவு.

பாணியே குற்றவாளி என்ற முடிவுக்கு வருவோரை ஜான் பூர்மன் இயக்கிய ‘பாயிண்ட் பிளாங்க்’ (1967) தடுத்து நிறுத்தும். லீ மார்வின் நடித்த வாக்கர், தன்னைக் காட்டிக்கொடுத்த மனைவியைத் தேடி, விமான நிலையத்தின் நீண்ட நடைபாதையில் நடக்கிறார். காலணியின் ஓசை தரையில் அறைகிறது. காட்சி மாறி, மனைவி தன் வீட்டில் விழித்தெழுகிறாள், அலங்கரித்துக்கொள்கிறாள், வெளியே செல்கிறாள். ஆனால் காலணியோசை நிற்பதில்லை. அது அவளுடைய நாளின் மேல் ஏறி நடந்துகொண்டே இருக்கிறது, அவர் கதவை உடைத்துக்கொண்டு நுழையும்வரை. இடமும் காலமும் இங்கே உடைக்கப்பட்டிருக்கின்றன. ‘மேன் ஆன் ஃபயர்’ படத்தைவிடத் துணிச்சலாகவே உடைக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார், நெருங்கிவிட்டார் என்ற ஒரே செய்தி ஒவ்வொரு அடியிலும் கூர்மையாகிறது. உத்தி தகவலை அழிக்காமல், தானே தகவலாக நிற்கிறது.

கையில் பிடித்து ஆட்டும் கேமராவைப் பற்றிய வழக்கிலும் இதே தீர்ப்பைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் கிரீன்கிராஸின் ‘தி போர்ன் அல்டிமேட்டம்’ (2007) சராசரியாக ஏறத்தாழ 2 விநாடிக்கு ஒருமுறை வெட்டப்படும் படம். ஆனால் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையக் காட்சியில், கதாநாயகன் ஒரு பத்திரிகையாளரைத் தொலைபேசி வழியே எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்று வழிநடத்துவதால், நடுங்கும் படிமங்களுக்கு அந்தக் குரலே வரைபடமாகிறது. அதன் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரைபடத்தை விட்டுவிட்ட ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ (2008) படத்தின் தொடக்கக் கார் துரத்தலில், எந்தக் கார் எதன் பின்னே வருகிறது என்பதைப் புரிந்துகொள்வதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது.

மீண்டும் டோனி ஸ்காட்டிடமே வந்தால், இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய மிகச் சிறந்த சான்றையும் அவரே விட்டுச் சென்றிருப்பது புலப்படும். 2001 மே 15 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஆளில்லாத சரக்கு ரயில் ஒன்று நச்சு ரசாயனத்தையும் சுமந்தபடி சுமார் 66 மைல் தானாக ஓடி, பின்னாலிருந்து வந்து இணைந்த மற்றோர் இஞ்சினின் உதவியால் நிறுத்தப்பட்டது. இந்த நிகழ்வைத் தழுவி, களத்தைப் பென்சில்வேனியாவுக்கு மாற்றி அவர் எடுத்த ‘அன்ஸ்டாப்பபிள்’ (2010) படத்திலும் கேமரா சுழல்கிறது, லென்ஸ் பாய்ந்து நெருங்குகிறது, வண்ணங்கள் அழுத்தமாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. அவர் தம் இயல்பை விட்டுவிடவில்லை. ஆனால் தண்டவாளம் ஒன்றே; ரயில் ஒரு திசையில்தான் ஓட முடியும்; அது நெருங்கும் ஊரும், அந்த ஊரின் ஆபத்தான வளைவும் முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டன. தொலைக்காட்சிச் செய்திகளும் ஹெலிகாப்டர் காட்சிகளும் இடையிடையே வந்து, ரயில் எங்கே இருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. முந்திய படங்களில் பார்வையாளரைத் திசைதெரியாமல் செய்த அதே கருவிகள், இதில் எஃகின் எடையையும் ஓட்டத்தின் சீற்றத்தையும் உணர்த்துகின்றன. 1990களின் இறுதி முதல் அவர் எடுத்த படங்களுள் காலத்தால் மிகக் குறைவாகத் தேய்ந்திருப்பது, அவருடைய கடைசிப் படமாகவும் அமைந்துவிட்ட இதுவே.

திரைப்படம் பயிலும் மாணவர்கள் ஒரு பயிற்சியை மேற்கொள்ளலாம். ‘புல்லிட்’ படத்தின் துரத்தல் காட்சியை ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தக் கார் முன்னே, எது பின்னே, இடையே எவ்வளவு தொலைவு என்பதைத் தாளில் வரைய வேண்டும். பின்னர் ‘மேன் ஆன் ஃபயர்’ கடத்தல் காட்சிக்கும் அவ்வாறே வரைய முயல வேண்டும். இந்த இரண்டு தாள்களையும் எதிரே வைத்துக்கொண்டு, தாங்கள் எடுக்கவிருக்கும் முதல் சண்டைக் காட்சியின் ஷாட் பட்டியலை எழுதத் தொடங்குமாறு அவர்களை இவ்வுரை கேட்டுக்கொள்கிறது.